நாப்போலி நகரில் ஒரு பெயர்

பிள்ளைக்குப் பெயர் வைப்பதில் என்ன கஷ்டம் இருக்கப்போகிறது என்று சிலர் கேட்கலாம். நட்சத்திரத்தைப் பார்த்து முதலெழுத்தைக் கேட்டு, எண்சாத்திரம் பார்ப்பவர் ஓர் எழுத்தைக் கூட்டவோ குறைக்கவோ சொன்னால் அதையும் செய்து, பதிவாளரிடம் கொண்டுபோய்க் கொடுத்தால் வேலை முடிந்தது. 2023ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம்வரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

நான் வேலை செய்யும் வன்னிக் கிராமமொன்றில் ஓர் அம்மா இருக்கிறார். அவருடைய மூத்த மகன் 2009ஆம் ஆண்டு போரின் இறுதி நாட்களில் காணாமற் போனவர். அன்றுமுதல் அந்த அம்மா ஏறாத கச்சேரி இல்லை, கொடுக்காத மனு இல்லை. அந்த வருடம் ஓகஸ்ட் கடைசியில் அவருடைய மகளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. தன்னைத் தோளில் சுமந்து திரிந்த அண்ணாவின் பெயரையே பிள்ளைக்கு வைக்கவேண்டும் என்பது மகளின் ஆசை. அம்மா ஒரேயடியாக மறுத்துவிட்டார்.

மகள் என்னிடம் வந்தாள். நானும் பெரிய கெட்டித்தனமாக அம்மாவோடு பேசப் போனேன். இழப்பை ஏற்றுக்கொள்வது பற்றியும், துயரத்திலிருந்து மெல்ல வெளியே வருவது பற்றியும், பல்கலைக்கழகத்திலும் பயிற்சிப் பட்டறைகளிலும் படித்ததையெல்லாம் இதமான வார்த்தைகளில் சொன்னேன். அம்மா முற்றத்தைக் கூட்டுவதை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்.

"மிஸ், என்ர பிள்ளை செத்ததை நீங்கள் கண்டனீங்களே? இருக்கிறவன்ர பேரை எடுத்து இன்னொருத்தனுக்குக் குடுத்தால், நானே அவனை எரிச்ச மாதிரியெல்லே?"

என்னிடம் பதில் இருக்கவில்லை. அதன்பின் நான் போன இரண்டு தடவையும் அம்மா வீட்டுக்குள்ளிருந்து வெளியே வரவேயில்லை. குழந்தை பிறந்து 42 நாட்களுக்குள் பிறப்பைப் பதியவேண்டும். நாட்கள் போய்க்கொண்டிருந்தன. அந்த நேரம் பார்த்துத்தான், போரால் பாதிக்கப்பட்ட குடும்பங்களோடு வேலை செய்பவர்களுக்கான ஒரு பயிற்சிக்காக நான் மூன்று கிழமை இத்தாலிக்குப் போகவேண்டி வந்தது.

எங்கும் கேட்ட பெயர்

நாப்போலியை ஆங்கிலத்தில் நேபிள்ஸ் என்பார்கள். தென் இத்தாலியின் பெரிய நகரம். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வெசூவியோ எரிமலை. தெருக்கள் ஒடுக்கமானவை. இந்தப் பக்கத்து மாடியிலிருந்து அந்தப் பக்கத்து மாடிக்குக் கயிறு கட்டி உடுப்புக் காயப்போட்டிருப்பார்கள். பெண்கள் மேல்மாடி யன்னலிலிருந்து கயிற்றில் கூடையை இறக்கி, கீழே கடைக்காரரிடம் பாணும் தக்காளியும் வாங்கி மேலே இழுத்தெடுப்பதைப் பார்த்தேன். சத்தமும் சனமும் மோட்டார் சைக்கிள்களும் நிறைந்த அந்தத் தெருக்கள் எனக்கு அந்நியமாகத் தெரியவில்லை.

சனித்தா என்ற பழைய தொழிலாளர் குடியிருப்பில் ஒரு வீட்டில் அறை கிடைத்தது. வீட்டுக்காரிக்கு 85 வயது. கணவர் இறந்துவிட்டார். அவரைப் பராமரிப்பவர் சிலாபத்தைச் சேர்ந்த ஒரு சிங்களச் சகோதரி. நாப்போலி நகரில் வாழும் வெளிநாட்டவர்களுள் இலங்கையர் பெருந்தொகையினர். பெரும்பாலானோர் மேற்குக் கரையோரத்திலிருந்து போனவர்கள். வீடு துப்புரவாக்குவதும் முதியோரைப் பார்ப்பதும் அவர்களில் பலரின் தொழில். தாந்தே சதுக்கத்துப் பக்கம் போனால் கருவாடும் சிவப்பரிசியும் விற்கும் எங்கள் கடைகளைக் காணலாம்.

அந்த அக்கா என்னை "நங்கி" என்று கூப்பிட்டார். தமிழ் ஓரளவு விளங்கும். எனக்குச் சிங்களம் ஓரளவு. மிச்சத்தைக் கையாலும் முகத்தாலும் பேசினோம். வீட்டுக்கார அம்மாவுக்கு அவருடைய சிங்களப் பெயர் நாக்கில் வரவில்லை என்பதால் பதினான்கு வருடமாக அவர் "ரோசா". "முதலில் மனதுக்குக் கஷ்டமாக இருந்தது நங்கி. இப்போது யாராவது என் சொந்தப் பெயரைக் கூப்பிட்டால் அம்மாதான் ரெலிபோன் எடுத்திருக்கிறாவோ என்று திரும்பிப் பார்க்கிறேன்" என்றார்.

அந்த நகரில் நான் முதல் நாளே கவனித்த சொல் "ஜென்னா!" என்பது. மீன் கடையில் ஒருத்தி கத்திக் கூப்பிட்டாள். பந்தடிக்கும் பையன்கள் கத்தினார்கள். மூன்றாம் மாடியிலிருந்து ஒரு தாய் கத்தினாள், கீழே ஒரே நேரத்தில் இரண்டு பேர் நிமிர்ந்து பார்த்தார்கள். முழுப்பெயர் ஜென்னாரோ. நாப்போலிக்காரர் கூப்பிடும்போது பெயரின் வாலை வெட்டிவிடுவார்கள். சின்னப் பிள்ளை என்றால் "ஜென்னாரினோ", நாகரிகமாகச் சொல்ல வேண்டுமென்றால் "ஜென்னி".

வாசலுக்குரியவன்

சமூகவியல் படித்த பழக்கத்தில் பெயரின் பொருளைக் கேட்டேன். ஜென்னாரோ என்பது இயனுவாரியுஸ் என்ற பழைய லத்தீன் பெயரின் இத்தாலிய வடிவம். ஜனவரி மாதத்தின் பெயரும் அதே வேரிலிருந்து வந்ததுதான். அந்த வேர் யானுஸ் என்ற பழைய ரோமத் தெய்வம். யானுஸ் வாசல்களுக்கும் தொடக்கங்களுக்கும் உரிய தெய்வம். அவருக்கு இரண்டு முகங்கள். ஒரு முகம் போனதைப் பார்த்திருக்கும், மற்ற முகம் வருவதைப் பார்த்திருக்கும். லத்தீனில் வாசற்கதவைக் குறிக்கும் சொல்லும் இதோடு உறவுடையது. ஆகவே ஜென்னாரோ என்றால் ஜனவரிக்குரியவன், வாசலுக்குரியவன் என்று பொருள் கொள்ளலாம்.

தை பிறந்தால் வழி பிறக்கும் என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாங்கள். எனக்கு அந்தப் பெயர் உடனே பிடித்துப்போனது. ஆனால் மீன்காரியிடம் போய் யானுஸ் என்று சொன்னால் அவளுக்கு விளங்காது. அவளுக்கு ஜென்னாரோ என்றால் ஒரேயொருவர்தான், நகரின் காவலரான புனித ஜென்னாரோ.

அவர் பெனெவெந்தோ என்ற ஊரின் ஆயர். ரோமப் பேரரசன் தியோக்கிளேசியன் கிறிஸ்தவர்களைத் துன்புறுத்திய காலத்தில், 305ஆம் ஆண்டளவில், நாப்போலிக்குப் பக்கத்திலுள்ள பொத்சுவோலியில் தலை வெட்டப்பட்டார் என்பது மரபு. அவருடையதென்று நம்பப்படும் உறைந்த இரத்தம் இரண்டு கண்ணாடிக் குப்பிகளில் பேராலயத்தில் இருக்கிறது. அது வருடத்தில் மூன்று தடவை இளகுவதாக மக்கள் நம்புகிறார்கள். மே மாத முதல் ஞாயிற்றுக்கு முந்திய சனிக்கிழமை ஒன்று, செப்டெம்பர் 19 ஒன்று, டிசம்பர் 16 ஒன்று. கடைசி நாள் 1631ஆம் ஆண்டு வெசூவியோ வெடித்து ஆயிரக்கணக்கானோர் இறந்தபோது நகரம் தப்பியதன் நினைவு. இரத்தம் இளகிய செய்தி முதன்முதல் பதியப்பட்டது 1389இல். குலுக்கினால் இளகி, ஆறவிட்டால் உறையும் ஒருவகைப் பொருளைத் தாங்களும் செய்யலாம் என்று 1991இல் இத்தாலிய விஞ்ஞானிகள் சிலர் காட்டினார்கள். திருச்சபையும் இதை விசுவாசக் கட்டாயமாக்கவில்லை. நான் அந்த வாதத்துக்குள் போகவில்லை. என் கண் போனதெல்லாம் பெண்கள் பக்கம்.

நேர்த்தியும் கோபமும்

செப்டெம்பர் 19 அன்று விடிய முன்னரே அக்காவோடு பேராலயத்துக்குப் போனேன். வலப்பக்கத்தில் புனிதரின் சிற்றாலயம். அது உருவான கதையே ஒரு நேர்த்திக்கதை. 1527ஆம் ஆண்டு நகரைக் கொள்ளைநோயும் போரும் வாட்டியபோது, காப்பாற்றினால் உமக்குப் புதிய ஆலயம் கட்டித் தருகிறோம் என்று நகர மக்கள் நேர்ந்தார்கள். வாயால் சொல்லிவிட்டுப் போகவில்லை. நொத்தாரிசு முன்னிலையில் பத்திரமே எழுதினார்கள். கட்ட ஆரம்பித்தது 1608இல், திறந்தது 1646இல். நூறு வருடத்துக்கு மேல் தாமதமானாலும் நேர்த்தி நேர்த்திதான். இன்றும் அந்தச் சிற்றாலயம் நகரத்துக்கே சொந்தம். இரத்தக் குப்பிகள் இருக்கும் பெட்டகத்துக்கு இரண்டு திறப்புகள். ஒன்று பேராயரிடம், மற்றது நகர மக்களின் சார்பான குழுவிடம்.

முன்வரிசை வயதான பெண்களுக்குரியது. அவர்களை "புனித ஜென்னாரோவின் சொந்தக்காரர்" என்று அழைக்கிறார்கள். அவருடைய வழிவந்த உறவினர் என்பது அவர்களின் எண்ணம். நாப்போலிப் பேச்சுமொழியில், தாய் மகளுக்குச் சொல்லிக்கொடுத்து வந்த பழைய செபங்களை ஒரே இராகத்தில் சொல்கிறார்கள். இரத்தம் இளகத் தாமதமானால் குரல் ஏறும். "மஞ்சள் முகத்தான்" என்று ஏசவும் செய்வார்கள். 1305ஆம் ஆண்டு செய்யப்பட்ட அவருடைய மார்பளவு உருவம் பொன் முலாம் பூசியது, அதனால் அந்தப் பட்டம். பிள்ளையாருக்கு முன்னால் நின்று "உனக்குக் கண் இல்லையோ" என்று சண்டை பிடித்த என் அம்மம்மா நினைவுக்கு வந்தார். சொந்தக்காரரைத்தானே ஏசலாம்.

இந்தக் கோபம் ஒருமுறை எல்லை கடந்ததும் உண்டு. 1799இல் பிரெஞ்சுப் படை நகரைப் பிடித்திருந்தபோது இரத்தம் இளகியது. எதிரிக்காகவா அற்புதம் செய்தாய் என்று மக்கள் கொதித்து, அவரைக் காவலர் பதவியிலிருந்தே இறக்கி, அந்த இடத்தில் அந்தோனியாரை வைத்தார்கள். பிறகு கோபம் ஆறி, பழையவரையே திருப்பி அழைத்துக்கொண்டார்கள்.

அன்று காலை பத்து மணியளவில் குழுவைச் சேர்ந்த ஒருவர் வெள்ளைக் கைக்குட்டையை உயர்த்தி அசைத்தார். ஆலயம் முழுவதும் கை தட்டியது. முன்வரிசையில் ஒரு பாட்டி பக்கத்திலிருந்தவளின் தோளில் முகம் புதைத்து அழுதார். என்ன வேண்டிக்கொண்டாரோ.

பேராலயத்திலிருந்து சிறிது தூரத்தில் போர்ச்செல்லா என்ற ஏழை மக்களின் பகுதி. அதன் வாசலில் ஒரு சுவர் முழுவதும் புனித ஜென்னாரோவின் முகம் வரையப்பட்டிருக்கிறது. 2015இல் ஜோரித் என்ற ஓவியர் வரைந்தது. ஓவியர் மாதிரியாக எடுத்தது ஒரு சாதாரண தொழிலாளியின் முகத்தை. அந்தத் தொழிலாளியின் பெயரும் ஜென்னாரோ. புனிதரின் முகம் தன் வீட்டுக்காரரின் முகம்போல இருப்பதைப் பார்த்து வளரும் பிள்ளைகளுக்கு, அந்தப் பெயர் உயரத்திலிருந்து வந்ததாகத் தோன்றாது.

அதே பகுதியில் அனுந்சியாத்தா என்ற பழைய தர்ம இல்லம் இருக்கிறது. அதன் சுவரில் ஒரு சக்கரம். வளர்க்க வழியில்லாத தாய்மார் இரவில் வந்து குழந்தையை அதில் வைத்துச் சுழற்றுவார்கள், உள்ளே இருப்பவர்கள் எடுத்துக்கொள்வார்கள். 1875இல் அந்தச் சக்கரம் மூடப்பட்டது. அப்படி வந்த குழந்தைகளுக்கு எஸ்போசித்தோ என்று குடும்பப் பெயர் வைத்தார்கள், "வெளியே வைக்கப்பட்டவன்" என்று பொருள். சில தாய்மார் குழந்தையின் கழுத்தில் பாதியாய் வெட்டிய காசையோ பதக்கத்தையோ கட்டிவிடுவார்களாம். என்றாவது ஒருநாள் வந்து மற்றப் பாதியைக் காட்டி மீட்பதற்காக. இன்று எஸ்போசித்தோ நாப்போலியில் மிகச் சாதாரணமான குடும்பப் பெயர். ஜென்னாரோ எஸ்போசித்தோ என்றால் அந்த ஊரில் எந்தத் தெருவிலும் ஒருவர் இருப்பார். அந்தச் சக்கரத்தின் முன் நான் வெகுநேரம் நின்றேன். போர்க்காலத்தில் பிள்ளையை இல்லத்தில் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போன தாய்மாரை எனக்குத் தெரியும்.

போரில் ஒரு ஜென்னாரோ

இரண்டாம் உலகப்போரில் இத்தாலிய நகரங்களுள் மிகக் கூடுதலாகக் குண்டுவீச்சுக்கு உள்ளானது நாப்போலி. ஏறத்தாழ இருநூறு தடவை குண்டு விழுந்தது. மக்கள் நிலத்தடியில் மென்பாறையைக் குடைந்த பழைய சுரங்கங்களில் ஒதுங்கினார்கள். இன்று அவற்றைச் சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டுகிறார்கள். சுமார் 40 மீற்றர் கீழே இறங்கிப் போனேன். சுவரில் பெயர்களும் திகதிகளும் கீறியிருந்தன. பிள்ளைகளின் விளையாட்டுக் கார்கள் கண்ணாடிப் பெட்டியில் இருந்தன. மற்றவர்கள் படம் எடுத்துக்கொண்டிருக்க, எனக்கு மூச்சு அடைத்தது. பங்கருக்குள் இருந்தவர்களுக்கு அந்த ஈரமண் மணத்தை விளக்கத் தேவையில்லை.

1943 செப்டெம்பரில் ஜேர்மன் படை நகரைப் பிடித்தது. சுற்றிவளைத்து ஆண்களை வேலைக்குப் பிடித்துப் போனார்கள். செப்டெம்பர் 27 முதல் 30 வரை நான்கு நாட்கள் நகர மக்களே எழுந்து சண்டையிட்டார்கள். நான் தங்கியிருந்த பகுதிக்கு மேலாக ஒரு பெரிய பாலம் போகிறது. அதைக் குண்டு வைத்துத் தகர்க்க விடாமல் தடுத்தவர்களில் மத்தலேனா செரசுவோலோ என்ற 23 வயதுத் தொழிலாளப் பெண்ணும் ஒருவர். 2011இல் அந்தப் பாலத்துக்கு அவருடைய பெயரைச் சூட்டினார்கள்.

அந்த நான்கு நாட்களில் இறந்தவர்களில் ஒருவன் ஜென்னாரோ கப்புவோத்சோ. வயது பதினொன்று. கடையொன்றில் வேலை பழகிய பையன். கையில் கிரனேட்டோடு டாங்கிகளை எதிர்த்து நின்று, செப்டெம்பர் 29 அன்று இறந்தான். அரசு அவனுக்கு வீரத்துக்கான தங்கப் பதக்கம் அளித்தது. 1962இல் வந்த ஒரு திரைப்படம் அவனை உலகமறியச் செய்தது. நான் அங்கிருந்தது எண்பதாம் ஆண்டு நினைவு. மலர்வளையங்கள் வைத்தார்கள், பேச்சுகள் நடந்தன.

சகோதரிகளே, எனக்குக் கைதட்ட முடியவில்லை. அவன் துணிச்சலைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பதினொரு வயதுப் பிள்ளையின் கையில் வெடிகுண்டு இருந்ததை நினைக்கும்போது எனக்குப் பதக்கம் தெரியவில்லை. அதை வாங்கிய வீட்டில் அன்றிரவு சோறு சமைத்திருப்பார்களா என்றுதான் தோன்றியது.

இன்னொரு ஜென்னாரோ நாடகத்தில் வருகிறார். எதுவார்தோ தெ பிலிப்போ எழுதிய "நாப்போலி மிலியொனாரியா" 1945 மார்ச்சில், போர் முடியும் முன்னரே, அந்த நகரில் மேடையேறியது. கதாநாயகன் ஜென்னாரோ போரில் அகப்பட்டு, பல துன்பங்கள் பட்டு வீடு திரும்புகிறான். அவன் சொல்லவரும் கதையைக் கேட்க வீட்டில் யாருக்கும் பொறுமை இல்லை. அவன் இல்லாத காலத்தில் குடும்பத்தைத் தாங்கிய மனைவி கள்ளச்சந்தை வியாபாரத்தில் இறங்கி, அடுத்தவர் வயிற்றில் அடித்தும் பணம் சேர்த்துவிட்டாள். கடைசியில் சின்ன மகளுக்குக் கடும் நோய். தேவையான மருந்து எங்கும் இல்லை. அவளால் சொத்தையெல்லாம் இழந்த ஒரு மனிதரே அதைக் கொண்டுவந்து கொடுக்கிறார். பிள்ளை பிழைக்குமா என்று விடியும்வரை காத்திருப்பதோடு நாடகம் முடிகிறது. திரும்பி வந்தவனின் பேச்சைக் கேட்காத வீடும், தனியே குடும்பத்தைச் சுமந்தவளைக் குற்றம் சொல்லும் ஊரும் இத்தாலியில் மட்டுமா உண்டு?

முட்டுக்கொடுக்கும் பெயர்

செப்டெம்பர் 27 அதிகாலை மூன்றரை மணியளவில் கட்டில் ஆடியது. பொத்சுவோலிப் பக்கத்து எரிமலை நிலத்தில் 4.2 அளவில் நிலநடுக்கம். நான் மேசைக்குக் கீழே போய்விட்டேன். குண்டுச் சத்தத்தில் வளர்ந்த உடம்பு யோசிக்கக் காத்திருப்பதில்லை. அடுத்த அறையில் வீட்டுக்கார அம்மா "சான் ஜென்னா! சான் ஜென்னா!" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பிறகு ஒருவருக்கும் நித்திரை வரவில்லை. மூவரும் குசினியில் இருந்தோம். அக்கா கோப்பி போட்டார். அந்த நேரத்தில்தான் நான் என் ஊர் அம்மாவின் கதையைச் சொன்னேன். அக்கா மொழிபெயர்த்தார்.

கிழவி எழும்பிப் போய் ஒரு படத்தைக் கொண்டுவந்தார். இராணுவ உடுப்பில் ஓர் இளைஞன். "என் மூத்த அண்ணன், ஜென்னாரோ" என்றார்.

1942இல் முசோலினி அரசு ஒரு பெரும்படையை ரஷ்யப் போர்முனைக்கு அனுப்பியது. பனியில் பல்லாயிரக்கணக்கானோர் அழிந்தார்கள். இறந்தார்களா, சிறைப்பட்டார்களா என்று தெரியாமல் "காணாமற் போனவர்" என்றே பலர் பதியப்பட்டார்கள். அந்த அண்ணனும் அப்படித்தான். கிழவிக்கு அப்போது ஐந்து வயது. அவருடைய தாய் ஒவ்வொரு ரயிலையும் போய்ப் பார்த்தார். திரும்பி வந்த ஒவ்வொரு சிப்பாயிடமும் படத்தைக் காட்டினார்.

"1960இல் எனக்கு மகன் பிறந்தான். என்ன பெயர் வைப்பது என்று கேட்கவே பயந்தேன். அம்மாவே வந்து ஜென்னாரோ என்று வை என்றாள். அப்படியானால் அண்ணன் இறந்துவிட்டான் என்று ஒத்துக்கொண்டாயா என்று கேட்டேன். கன்னத்தில் ஒரு அறை விட்டாள்."

கிழவி அந்தக் கன்னத்தைத் தடவிக்கொண்டு சிரித்தார்.

"பெயர் என்ன ஒரு ஆள் மட்டும் போடுகிற சட்டையா என்று கேட்டாள். எங்கள் ஊரில் தாத்தா கதிரையில் உயிரோடு இருக்கும்போதே அவர் பெயரைப் பேரனுக்கு வைக்கிறோமே, தாத்தாவைக் கொன்றுவிட்டா வைக்கிறோம் என்று கேட்டாள். அவன் வந்து வாசலில் நிற்கும்போது, இந்த வீட்டில் அந்தப் பெயர் ஒவ்வொரு நாளும் கூப்பிடப்பட்டது என்று தெரியவேண்டும் என்றாள்."

தென் இத்தாலியில் இது பழைய வழக்கம். மூத்த மகனுக்குத் தந்தைவழிப் பாட்டனின் பெயர், இரண்டாவது மகனுக்குத் தாய்வழிப் பாட்டனின் பெயர். பெரும்பாலும் பாட்டன் உயிரோடு இருக்கும்போதே வைப்பார்கள். அதனால் ஒரு குடும்பத்தில் ஒரே பெயரில் நாலைந்து மச்சான்மார் இருப்பார்கள். பெரிய ஜென்னாரோ, நெட்டை ஜென்னாரோ, ஜென்னாரினோ, ஜென்னி என்று அடையாளம் பிரிப்பார்கள். பாட்டனின் பெயரைப் பேரனுக்கு வைப்பதற்கு நாப்போலிப் பேச்சில் "சுப்பொந்தா" என்கிறார்கள். சாயும் சுவருக்கோ மரத்துக்கோ கொடுக்கும் முட்டு என்பது அதன் பொருள். குலை தள்ளிய வாழைக்கு நாங்கள் கவர்த் தடியால் முட்டுக்கொடுப்போமே, அதேதான்.

எங்களிடமும் இது இல்லையா? பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்ததுதானே. பாட்டனின் பெயரைச் சுமப்பவன் அவன். மாமனாரின் பெயரை வாயால் சொல்லக்கூடாது என்று, அதே பெயருள்ள சொந்தப் பிள்ளையை "தம்பி" என்றே கூப்பிட்டுக் காலம் கழித்த மருமக்கள் எங்கள் ஊர்களில் இருந்தார்கள். கையில் இருந்த விடயம், மூன்று வருடம் சமூகவியல் படித்த எனக்கு அந்தக் குசினியில்தான் விளங்கியது.

இப்போது அந்த வழக்கம் அங்கும் தளர்ந்து வருகிறது. ஜென்னாரோ என்றால் பழைய ஆட்களின் பெயர், சேரிப் பையன் பெயர், வடக்கே வேலைக்குப் போனால் சிரிப்பார்கள் என்று இளம் தாய்மார் தயங்குகிறார்கள். 2006இல் உலகக் கிண்ணம் வென்ற இத்தாலிய அணியில் ஜென்னாரோ கத்துஸோ ஆடியதெல்லாம் அவர்களுக்குப் போதாது. அண்மைய வருடங்களில் இத்தாலி முழுவதும் முதலிடத்தில் இருந்த ஆண்பிள்ளைப் பெயர் லெயோனார்தோ. கிழவியின் பேரனுடைய மனைவியும் அதைத்தான் விரும்புகிறாளாம். "வைக்கட்டும், அவளுடைய பிள்ளை" என்றார் கிழவி. பிறகு மெதுவாக, "நான் மட்டும் ஜென்னா என்றுதான் கூப்பிடுவேன்" என்றார்.

அவருடைய தாய் 1974இல் இறந்தார். ரஷ்யாவிலிருந்து பெயர்ப்பட்டியல்கள் வரத் தொடங்கியது 1990களில்தான். கடைசிவரை அந்தத் தாய் தன் மகன் இறந்துவிட்டான் என்று ஒரு தடவையும் சொல்லவில்லை.

முப்பத்தெட்டாம் நாள்

நான் திரும்பி வந்தபோது குழந்தைக்கு முப்பத்தெட்டு நாள். அடுத்த நாள் காலையே அந்த அம்மாவின் வீட்டுக்குப் போனேன். முதலில் மன்னிப்புக் கேட்டேன். "அம்மா, உங்களிடம் கேட்காமல் உங்களுக்குச் சொல்லித்தர வந்தேன். அது பிழை" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் பாயைப் போட்டார்.

கதையைச் சொன்னேன். அறிவுரை எதுவும் சேர்க்கவில்லை. ரயில் பார்க்கப் போன இடத்தில் அம்மா தலையாட்டினார். கன்னத்தில் அறைந்த இடத்தில் வாய்க்குள் சிரித்தார். கடைசியில் ஒரு கேள்விதான் கேட்டார்.

"அந்த மனுசி கடைசிமட்டும் பாத்துக்கொண்டு இருந்தவவே?"

"ஓம் அம்மா."

"ஒருத்தரும் அவவை விசரி எண்டு சொல்லேல்லையே?"

"சொல்லியிருப்பினம். அவ காதில வாங்கேல்லை."

அம்மா வெகுநேரம் பேசாமல் இருந்தார். எங்கள் நாட்டில் 2016ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி, இறப்புச் சான்றிதழுக்குப் பதிலாக, ஒருவர் காணாமற் போயுள்ளார் என்று மட்டும் சொல்லும் சான்றிதழைக் குடும்பத்தினர் பெறலாம். அதைக்கூட வாங்க மறுத்தவர் அவர். கடதாசி எதுவென்றாலும் அவருக்குப் பயம்.

நாற்பதாம் நாள் மகள் பதிவாளரிடம் போனாள். நானும் கூடப் போனேன். எந்தப் பெயர் எழுதப்பட்டது என்பதை இங்கே நான் சொல்லவில்லை. அது அந்த வீட்டுக்குச் சொந்தமானது. மாமனின் பெயர் என்பது மட்டும் உங்களுக்குத் தெரிந்தால் போதும்.

ஆனால் அம்மா ஒரு நிபந்தனை வைத்தார். பத்திரத்தில் என்ன பெயரும் இருக்கட்டும், வீட்டில் அவனைச் "சின்னவன்" என்றுதான் கூப்பிட வேண்டும். ஏன் என்று மகள் கேட்டாள். பிள்ளையை மடியில் போட்டுக் காலை ஆட்டிக்கொண்டே அம்மா சொன்னார்:

"பெரியவன் வந்தால் ஆரைக் கூப்பிடுறம் எண்டு அவனுக்குக் குழப்பம் வரக்கூடாது பார்."